சிவப்பு மருந்து இதயத்தில் என்ன செய்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்குச் சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, முழுதாகக் குணமாகி, இப்போது கல்லூரியில் படிக்கிறாள். “நோய் போய்விட்டது என்று டாக்டரே சொல்கிறார். அப்புறம் எதற்கு எக்கோ எடுத்துவரச் சொல்கிறார்? எங்களிடம் எதையோ மறைக்கிறார்களா?”

மறைக்கவில்லை, அம்மா. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் அவர்கள் பார்ப்பது, அன்று உங்கள் மகளைக் காப்பாற்றிய மருந்து இதயத்தில் ஏதாவது தடம் விட்டிருக்கிறதா என்பதைத்தான்.

1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பிறகு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இந்த நோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

அந்தக் கூட்டு மருந்துகளில் ஒன்றைத் தாய்மார்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வார்டில் ‘செகப்பு மருந்து’ என்பார்கள். ஏற்றிய பிறகு சிறுநீரும் சிவக்கும். டானோரூபிசின், டாக்சோரூபிசின் இரண்டும் இந்தக் குடும்பம். இத்தாலியில் ஒரு பழைய கோட்டையருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிதான் இதன் மூலம்.

இது வேலை செய்யும் விதம் அபாரமானது. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் சுருண்டு கிடப்பதால் சிக்கல் விழுந்துகொண்டே இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இரண்டு கொலுசுச் சங்கிலிகள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்கள்? ஒன்றில் ஒரு கண்ணியை வெட்டி, அந்த இடைவெளி வழியாக மற்றதை உருவிவிட்டு, வெட்டிய இடத்தைப் பொடி வைத்து ஊதிவிடுவார்கள். செல்லில் இதே வேலையைச் செய்வது டோப்போஐசோமரேஸ்-2 என்ற நொதி. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டும், இன்னொரு துண்டை நடுவே கடத்தும், மறுபடி ஒட்டும். சிவப்பு மருந்து வந்து நுழைவது வெட்டியதற்கும் ஒட்டுவதற்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தில். நொதி வெட்டிய நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. வெட்டு வெட்டாகவே நிற்க, செல் சாகிறது.

இந்த நொதியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை உண்டு. வேகமாகப் பிரியும் புற்றுச் செல்களில் ஆல்ஃபா நிறைய இருக்கும். மருந்தின் குறி அதுதான். ஆனால் இதயத் தசைச் செல்களில் பீட்டா இருக்கிறது, மருந்து அதையும் விட்டுவைப்பதில்லை. 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயச் செல்களில் பீட்டா இல்லாத எலிகளை வளர்த்து டாக்சோரூபிசின் கொடுத்தார்கள். அவற்றின் இதயம் தப்பியது! பீட்டா இருந்தால் டிஎன்ஏ உடைவதோடு நிற்பதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களை உருவாக்கும் மரபணுக்களும் மங்கிவிடுகின்றன. நாள் முழுக்கத் துடிக்கும் தசைக்கு அது பெரிய அடி.

போன செல்லுக்குப் பதில் புதிது வராதா? 2009-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதைக் கணக்கிட்ட விதம் எனக்கு என்றும் வியப்பு. அணுகுண்டுச் சோதனைகளால் 1950, 60-களில் காற்றில் கார்பன்-14 கூடியது. அது உணவு வழியாக, அப்போது புதிதாகப் பிறந்த செல்களின் டிஎன்ஏவிலும் ஏறியது. அந்த அளவை வைத்து இதயச் செல்லின் வயதைக் கண்டார்கள். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன, வயது ஏற ஏற அதுவும் குறைகிறது.

ஆகவே, ஐந்து வயதில் இழந்த செல்கள் இழந்தவைதான். உடம்பு வளர்கிறது, மிச்சமிருக்கும் செல்கள் பருத்து ஈடுகட்டப் பார்க்கின்றன, சிலருக்கு இடது கீழறையின் சுவர் உடம்புக்குத் தேவையான தடிமனுக்கு வருவதில்லை. பல ஆண்டுகள் மூச்சிரைப்புகூட இருக்காது. எக்கோவில் முன்னதாகவே தெரியும், மாத்திரையால் தாங்கிப்பிடிக்கவும் முடியும்.

எல்லோருக்கும் இது வருவதில்லை. மொத்தம் எவ்வளவு மருந்து ஏறியது என்பதே முக்கியம். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் என்றால் 2 ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ, 100 முதல் 250 வரை என்றால் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். மார்பில் கதிர்வீச்சு பட்டிருந்தால் ஆபத்து கூடும். ரத்த அழுத்தத்தை ஏறவிடக் கூடாது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. பழைய ஃபைல் வீட்டில் இருந்தால் நோய் திரும்பி வரும் என்று, ஆத்தாவுக்கு மொட்டை போட்ட கையோடு அதையும் எரித்துவிடும் குடும்பங்கள் உண்டு. வேண்டுதலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மில்லிகிராம் கணக்கு இருந்த ஒரே இடம் அந்தக் காகிதம். பெண் என்றால் கல்யாணத்துக்காக வேறு மறைக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடும். இதயம் அத்தனையையும் இறைக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்போ முதல் மூன்று மாதங்களிலோ எக்கோ பார்க்க வேண்டிய பெண்ணின் பழைய கதை பிரசவம் பார்க்கும் டாக்டருக்கே தெரியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை!

குடும்பங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991-லேயே சிகிச்சை முடிந்தவர்களுக்கெனத் தனி கிளினிக் தொடங்கியது. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஆய்வு பிழைத்தவர்களை இன்றும் பின்தொடர்கிறது. நம் ஊரில் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். இருபது ஆண்டு கழித்து வரும் பாதிப்பை அதில் எப்படிப் பார்ப்பது? ஏற்காட்டு மலைக் கிராமத்துக் குழந்தை ஒன்று சென்னையிலோ வேலூரிலோ குணமாகித் திரும்பினால், அதன் வீட்டுக்கு ஆண்டுக்கொரு முறை போன் செய்ய ஓர் ஊழியருக்குச் சம்பளம் தரலாம். புதுக் கருவிகள் வாங்குவதைவிட இது அவசரம் என்பது என் கருத்து.

ஃபைல் தொலைந்துவிட்டதா? சிகிச்சை நடந்த ஆண்டு, அப்போதைய வயது, நோயின் பெயர், பழைய மருத்துவமனை எண் ஆகியவற்றோடு அங்கே ஆவணப் பிரிவில் கேளுங்கள். பதிவு கிடைக்காவிட்டாலும், அந்தக் காலத்தில் அங்கே பின்பற்றிய சிகிச்சை முறையை வைத்து டாக்டரால் மருந்தின் அளவை ஏறக்குறைய மதிப்பிட முடியும். மருந்துகளின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு எங்கே, எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்கி, போனிலும் படம் எடுத்து வையுங்கள். கணக்கு 100-க்குக் கீழே வந்து, மார்புக்குக் கதிர்வீச்சும் இல்லை என்றால், எக்கோவே தேவையில்லை என்று டாக்டர் சொல்லவும்கூடும்.