ரீமேன் எஞ்சின் எங்கிருந்து வந்தது? காசிமேட்டு படகு ஓனர்கள் அட்வான்ஸுக்கு முன் கேட்க வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகளின் பெரிய எஞ்சின் வேலைகள் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. புது எஞ்சினுக்குப் பணம் பத்தாது, இருக்கிற எஞ்சினோ இன்னொரு ரீபோரை (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதை) தாங்காது என்று தவிக்கிற ஓனரிடம் புரோக்கர் வந்து சொல்வது ஒன்றுதான்: "கம்பெனி ரீமேன் அண்ணே, கேரண்டியோட வருது."

அந்தப் பெயரில் மூன்று வகை சரக்கு கைமாறுகிறது. முதல் வகை உண்மையான கம்பெனி ரீமேன், அதாவது ரீமேனுஃபேக்சர் செய்த எஞ்சின். பழைய எஞ்சினைத் தயாரிப்பாளரே, அல்லது அவர் அனுமதித்த தொழிற்சாலை, திரும்ப வாங்கி அக்கக்காகப் பிரிக்கும். பிளாக், கிராங்க் எல்லாவற்றையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து, தன் தகட்டையும் வாரண்டியையும் கொடுத்து விற்கும். இரண்டாவது, பட்டறையில் ரீகண்டிஷன் செய்தது. நல்ல மெக்கானிக் செய்தால் இதுவும் பல வருடம் உழைக்கும். மூன்றாவது, லாரியிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ கழற்றி, தண்ணீர் பம்ப்பும் எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீரால் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் மாட்டி, பெயின்ட் அடித்த எஞ்சின்.

ரீகண்டிஷன் எஞ்சினை விற்பது குற்றமில்லை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தலையில் கட்டுவதுதான் குற்றம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) இதை நேரடியாகவே பேசுகிறது. திரும்பக் கட்டிய, பழைய, ரீகண்டிஷன் செய்த பொருளைப் புதிது என்று சொல்வது நேர்மையற்ற வணிக முறை. இல்லாத தரத்தை, இல்லாத மாடலை, கிடைக்காத கம்பெனி அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்வதும் அதில் அடங்கும். பட்டறையில் செய்ததைக் கம்பெனி ரீமேன் என்று விற்றால் விற்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே பில் கேட்பது நீங்கள் கெஞ்சிப் பெறும் சலுகை இல்லை.

பிளாக்கில் என்ன பார்ப்பது

பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். ரிவெட் அடித்த தகட்டில் ஒன்று, பிளாக்கிலேயே சமமாக இழைத்த ஒரு பட்டையில் அடித்தது இன்னொன்று. போகும்போது கொஞ்சம் தின்னரும் வேஸ்ட் துணியும் டார்ச்சும் கொண்டுபோங்கள். பட்டையில் உள்ள பெயின்ட்டைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் கோடு குறுக்கே ஓடுகிறதா? தகட்டைப் பிடித்திருப்பது ரிவெட்டா, கடையில் வாங்கிய ஸ்க்ரூவா? வண்டி எஃப்.சி.க்கு சேசிஸ் நம்பரை பென்சிலில் அச்சு எடுப்பார்களே, அது மாதிரி தாளை வைத்துத் தேய்த்து ஒரு அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் தெரியாத கோணல் பென்சில் அச்சில் தெரிந்துவிடும்.

பட்டையில் இழைத்த தடம் இருந்தாலே திருட்டு எஞ்சின் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரீமேன் வேலையில் பிளாக்கை இழைத்து நம்பரை மறுபடி அடிப்பது உண்டு. அப்படிச் செய்திருந்தால் பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் சொல்லும் கடிதமோ வாரண்டி அட்டையோ கூடவே வர வேண்டும். அது இல்லாமல் வெறும் இழைத்த தடம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுவதில் தவறே இல்லை.

லாரி எஞ்சினைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. ரேடியேட்டர் ஃபேன் உட்காரும் இடம் வெட்டப்பட்டோ மூடப்பட்டோ இருக்கும். கடல் தண்ணீர் பம்ப்பின் பிராக்கெட் வார்ப்பாக இல்லாமல் வெல்டிங் வைத்ததாக இருக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை இருக்காது. பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள வார்ப்புத் தேதிகள் பல வருடம் தள்ளி இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியதில் தப்பில்லை, ஆனால் அது காகிதத்தில் இருக்க வேண்டும். எண்ணூர் அசோக் லேலண்டிலும் செம்பியம் சிம்ப்சனிலும் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் வடசென்னை முழுக்க இருக்கிறார்கள். அப்படித் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் நம்பரையும் வார்ப்பையும் உங்களைவிட வேகமாகப் படித்துவிடுவார்.

அப்புறம், எடுத்த நம்பரைக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். இந்த நம்பர் எந்த மாடல், எந்த வருடம், படகுக்காகச் செய்ததா வண்டிக்காகச் செய்ததா, உங்கள் ரீமேன் பதிவில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். போனில் வரும் பதில் பிறகு எதற்கும் உதவாது. வண்டி எஞ்சின் என்று தெரிந்தால் அந்த வண்டியின் ஆர்.சி. நகலை விற்பவரிடம் கேட்டு நம்பரை ஒப்பிடலாம். களவு போன வண்டிகளின் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க காவல் துறையின் டிஜிட்டல் போலீஸ் இணையதளத்திலும் வசதி இருக்கிறது. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 317-இன்படி வாங்குபவர் மேலேயே வரும் குற்றம். விலை ரொம்பக் குறைவு, நம்பர் அழிந்திருக்கிறது, பில் கிடையாது என்ற மூன்றும் சேர்ந்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கஷ்டம்.

பில்லில் ஒரு எண்

இது பலருக்கும் தெரியாத விஷயம், நிதானமாகப் படியுங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். என்று ஒரு குறியீடு இருக்கும். டீசல் எஞ்சின்களுக்கு 8408. அதன்பிறகு வரும் இரண்டு இலக்கம்தான் விஷயம். 840810 என்றால் படகு, கப்பலை இயக்கும் எஞ்சின். 840820 என்றால் சாலை வாகன எஞ்சின். 840890 என்றால் மற்றவை, ஜெனரேட்டர் எஞ்சின் மாதிரி. கழற்றி மாட்டும் அவுட்போர்டு பெட்ரோல் மோட்டாருக்கு 840721. "மெரைன் எஞ்சின்" என்று வாயால் சொல்லி, பில்லில் 840820 போட்டிருந்தால் அந்தக் காகிதமே விற்பவருக்கு எதிரான சாட்சி. சிறு வியாபாரிகள் நாலு இலக்கம் மட்டும் போடுவது உண்டு. அப்போது ஆறு இலக்கமும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில்லில் எஞ்சின் நம்பர், மாடல், குதிரைத்திறன், "ரீமேன்" அல்லது "ரீகண்டிஷன்" என்ற சொல், செய்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். "பழைய எஞ்சின் – 1" என்று எழுதிய பில், பணம் கொடுத்ததை மட்டும்தான் நிரூபிக்கும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் அவர் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். வெளி மாநிலத்திலிருந்து வந்த சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஈ-வே பில் (சரக்கு வழியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணம்) இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். அதில் சரக்கு கிளம்பிய ஊர் இருக்கும். கம்பெனி தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று சொன்ன எஞ்சின் ஏதோ ஒரு பழைய சாமான் கிடங்கிலிருந்து கிளம்பியிருப்பது அங்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்கத் துறையில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். சென்னைத் துறைமுகம், காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் மூன்றுமே நமக்குப் பக்கம்தான். எந்த வழியாக வந்தாலும் எண், தேதி, துறைமுகக் குறியீடு இருக்கும். சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் அவற்றைப் போட்டு நிலையைப் பார்க்கலாம். எந்த நாட்டில் உற்பத்தியானது என்பதும் அந்த ஆவணத்தில் இருக்கும். சரக்கை அனுப்பிய நாடும் உற்பத்தியான நாடும் வேறாக இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். பழைய இயந்திரம் என்றால் சார்ட்டர்டு எஞ்சினீயரின் (சான்று தரத் தகுதி பெற்ற பொறியாளரின்) ஆய்வறிக்கை உண்டா, அதில் தயாரிப்பு ஆண்டு என்ன என்று கேளுங்கள். ரீகண்டிஷன் உதிரிபாகங்களை இறக்குமதி செய்ய, குறைந்தது 80 சதவீத ஆயுள் மீதமிருக்கிறது என்ற சார்ட்டர்டு எஞ்சினீயர் சான்று வேண்டும் என்பது வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையின் நிபந்தனை.

எஞ்சின் மாறினால் பதிவும் மாற வேண்டும்

படகின் பதிவுச் சான்றிதழில் எஞ்சினின் மேக்கும் நம்பரும் குதிரைத்திறனும் இருக்கின்றன. எஞ்சினை மாற்றிவிட்டுச் சான்றிதழை அப்படியே வைத்திருப்பது பெரிய ஆபத்து. தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்யும்போது எஞ்சினும் பார்க்கப்படும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகளில் 2020-இல் வந்த திருத்தம் படகின் நீளத்துக்கு 24 மீட்டர், எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு வைத்தது. அதிவேக சீன எஞ்சின்களை எதிர்த்துக் காசிமேட்டில் போராட்டமே நடந்திருக்கிறது. கூடுதல் சக்தி கொண்ட எஞ்சினுக்குக் குறைந்த சக்தித் தகட்டை மாட்டி விற்பவரிடம் ஏமாந்தால், ஆய்வில் பதில் சொல்ல வேண்டியவர் ஓனர்தான். வரி விலக்கு டீசல் வருடத்துக்கு விசைப்படகுக்கு 19,000 லிட்டர், மோட்டார் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர் என்று 2023-இல் உயர்த்தப்பட்டது. இதுவும் பதிவை நம்பித்தான் இருக்கிறது. காப்பீட்டு விண்ணப்பத்திலும் எஞ்சின் நம்பர் கேட்பார்கள். நம்பர் பொருந்தாவிட்டால் விபத்துக்குப் பிறகு அலைச்சல்தான். ஆகவே வாங்குவதற்கு முன்பே பில் நகலோடு மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், இந்த எஞ்சினைப் பதிவில் ஏற்றலாமா என்று கேட்டுவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

"தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோர் இல்லை" என்று விற்பவர் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. 1995-இல் லட்சுமி எஞ்சினீயரிங் வொர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒன்றிரண்டு உதவியாளரை வைத்துக்கொண்டாலும் ஒருவர் நுகர்வோராகவே இருப்பார் என்று விளக்கியது. தானே கடலுக்குப் போகும் ஃபைபர் படகுக்காரருக்கு இது தெளிவாகப் பொருந்தும். பல விசைப்படகு வைத்து ஆள் போட்டு நடத்துபவருக்கு இந்த வழி கஷ்டம். அவர் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அங்கே சரக்கு விற்பனைச் சட்டம் 1930 இருக்கிறது. விற்க உரிமை உள்ளவரே விற்க வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பன அதன் பிரிவு 14, 15.

நுகர்வோர் ஆணையம் போகிறவர் விற்பவரின் ஊரைத் தேடிப் போக வேண்டாம். தான் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால், விற்பவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, பிரிப்பதற்கு முன்பும் பின்பும் வீடியோ எடுங்கள். "உன் மெக்கானிக் கை வைத்ததால்தான் கெட்டது" என்ற பதில் நிச்சயம் வரும்.

ரீமேன் எஞ்சின் வாங்கும்போது பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொள்வது வழக்கம். அதைக் கொடுக்கும்போது அதன் நம்பர், தேதி, வாங்கியவர் பெயர், கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் பதிவில் இருந்த நம்பர் அது. நாளைக்கு அது வேறொரு படகில் அகப்பட்டால் உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்ட உங்களிடம் இருப்பது அந்த ரசீதுதான்.