காந்தத்தின் முதுகில் ஏன் ஊசி ஒட்டுவதில்லை?

"பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து இரண்டு காந்தம் எடுத்தேன். ஒரு பக்கம் கத்தியை விடாமல் பிடிக்கிறது. மறுபக்கம் குண்டூசிகூடச் சரியாக ஒட்டவில்லை. பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைப் பெயர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் வேலை செய்யுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கத்தி மாட்டும் பலகை செய்யப் போகிறாராம்.

பெயர்க்காதீர்கள். அந்தப் பிடியில் பெரும்பங்கு தகட்டுடையது.

அது நியோடிமியம் காந்தம். இரண்டு நியோடிமியம் அணுவுக்குப் பதினான்கு இரும்பு, ஒரு போரான். மசாட்டோ சகாவா என்ற ஜப்பானியருக்கு இந்த யோசனை தோன்றியபோது, அவர் வேலை பார்த்த நிறுவனம் அக்கறை காட்டவில்லை. 1982-இல் வேறு நிறுவனத்துக்கு மாறி, அங்கே செய்து காட்டினார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனி வழியில் அங்கே வந்து சேர்ந்தார். 'இதனால் உடனே என்ன லாபம்?' என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சரி, தகட்டுக்கு வருவோம். காந்தத்தின் மேல் ஒரு காகிதம் வைத்து இரும்புத் தூளைத் தூவுங்கள். இரண்டு ஓரங்களிலும் தூள் முள்முள்ளாக எழுந்து நிற்கும். நடுவில் ஒரு கோட்டில் மட்டும் படுத்துக் கிடக்கும். காரணம், ஒரே முகத்தில் பாதி வட துருவம், பாதி தென் துருவம். ஹார்ட் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனையைத் தாங்கி நகரும் கை ஒன்று உண்டு. அதன் பின்னால் இருக்கும் தட்டையான கம்பிச்சுருளில் மின்சாரம் ஒரு காலில், அதாவது ஒரு பக்கக் கம்பிகளில், ஏறி மறுகாலில் இறங்குகிறது. இரண்டு கால்களுக்கும் மேல் ஒரே துருவம் இருந்தால் ஒன்றின் தள்ளலை மற்றது அழித்துவிடும். துருவங்கள் மாறியிருப்பதால் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன, கை நகர்கிறது. மின்சாரத்தைத் திருப்பினால் கையும் திரும்பும்.

முன்முகத்தில் இரண்டு துருவம் என்றால் பின்முகத்திலும் இரண்டு, இடம் மாறி. அங்கே புலக்கோடுகள் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக வேண்டும். காற்று வழியாகப் போவது அவற்றுக்குக் கடினம், இரும்பு வழியாக மிக எளிது. தகடு அந்தக் குறுக்குவழியைக் கொடுத்துவிடுவதால் புலம் பின்னால் வெளியே கசிவதில்லை. அதனால்தான் ஊசி ஒட்டவில்லை. பின்பக்கத் தடை குறைந்ததால் முன்பக்கப் புலம் கூடுகிறது. இங்கே எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: இழுவிசை, புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலம் இரும்பைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடையளவு இழுக்கும். அரை டெஸ்லா என்றால் 1 கிலோதான்.

கத்திப் பலகைக்கும் இதே கணக்குதான். புலத்தைப் பொறுத்தவரை மரமும் காற்றும் ஒன்று. பின்புறம் குழி எடுத்துக் காந்தத்தை வைக்கும்போது, முன்னால் மிச்சமிருக்கும் மரம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். இப்படி அருகருகே துருவம் கொண்ட காந்தம் ஒட்டினால் வலுவாகப் பிடிக்கும், தூரத்துக்கு எட்டாது. காந்தத்தில் துளை போடவே கூடாது: நொறுங்கும், அதன் தூள் தீப்பிடிக்கும். சூடும் ஆகாது, சாதாரண ரகங்கள் 80 டிகிரி தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். தகட்டிலேயே பெரும்பாலும் திருகுத் துளை இருக்கும், அது போதும். பெயர்க்க முயன்றால் நிக்கல் முலாம் உரியும், அப்புறம் துருதான். இரண்டு காந்தங்களுக்கு நடுவே விரல் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது; இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து நசுக்கிவிடும்.

கத்தியை மாட்டும்போது முதுகு முதலில் படட்டும். எடுக்கும்போது முதுகின் மேல் புரட்டி எடுங்கள். கூர் தப்பிக்கும். கடினப்படுத்திய எஃகு கொஞ்சம் காந்தத்தைத் தானும் வைத்துக்கொள்ளும்; சாணை பிடிக்கும்போது தூள் கூரிலேயே ஒட்டிக்கொண்டால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

இதே காந்தத்தைக் கையில் கட்டினால் ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து நோய் தீரும் என்று விற்பவர்களும் உண்டு. ரத்தத்தின் இரும்பு ஆணியின் இரும்பைப் போல நடந்துகொள்வதில்லை. 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தவர் யாருக்கும் ரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கியதில்லையே!

மிச்சமிருக்கும் இரண்டாவது காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பட்டறை மேசையைத் துழாவுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை உருவினால், அரத்தூள் மொத்தமும் பைக்குள்.