ஆறு பேருக்கு ஒரே ரூட் பாஸ்வேர்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். "சர்வர் ஓடுது சார், ஆனா நெட்வொர்க் வழியா யாராலயும் உள்ளே போக முடியலை."

போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் ஒரு மாணவரின் கோப்பு திறக்கவில்லை என்று யாரோ ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாக அக்கவுண்டு) நுழைந்து, மேல் டைரக்டரியிலிருந்து கீழே கடைசிக் கோப்பு வரை 777 அனுமதி கொடுத்திருந்தார். எல்லாரும் எல்லாவற்றையும் திறக்கலாம் என்று பொருள். நடந்தது நேர்மாறு. தன் ரகசியச் சாவியை ஊரே படிக்கலாம் என்றிருந்தால், நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியைப் பயன்படுத்த மறுத்துவிடும். சாதாரணப் பயனர் ரூட் உரிமையோடு கட்டளை ஓட்ட உதவும் சூடோ வேலை செய்யத் தேவையான செட்யூஐடி பிட்டையும் (நிரலை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓடவிடும் குறி) அந்த 777 துடைத்துவிட்டது. இரவில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனது; கதவு சாத்திக்கொண்டது.

பல்லாயிரம் கோப்புகளின் பழைய அனுமதியை ஒவ்வொன்றாகத் திருப்ப வழியில்லை. மாணவர்களின் வேலையை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, புதிதாக இன்ஸ்டால் செய்தோம். இரண்டு நாள் போயிற்று.

கட்டளையைக் கொடுத்தது யார்? சர்வரின் பதிவேடான லாகில் 'ரூட்' என்று மட்டும் இருந்தது. பாஸ்வேர்டு ஆறு பேருக்குத் தெரியும். ஆறு பேரும் இல்லை என்றார்கள். அன்று அந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தவறு செய்தவரிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் மற்ற ஐந்து பேர் மீதும் சந்தேகம் விழுந்தது.

அதனால் இந்த வேலையைக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் பேசுவது பயனர் அக்கவுண்டைப் பற்றித்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு நம் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ரூட்டின் எண் 0. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் சாதாரணப் பயனர்கள் 1000-இல் தொடங்குவார்கள். ஆளுக்கு ஓர் எண், நிர்வாக வேலைக்குச் சூடோ: இது போதும். 1980-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் எழுதப்பட்ட நிரல்தான் சூடோ. யார், எப்போது, எந்தக் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டினார் என்று லாகில் ஒரு வரி விழும். ஒரு நிபந்தனை: 'சூடோ சு' என்று போட்டு ரூட் ஷெல்லுக்குள் (கட்டளை தட்டும் இடம்) உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு செய்வது எதுவும் அங்கே பதிவாகாது.

நெட்வொர்க்கில் பல கணினிகள் இருந்தால் இந்த எண் இன்னும் முக்கியம். ஒரு கணினியின் கோப்புகளை மற்றவற்றோடு நெட்வொர்க்கில் பகிரும் சாதாரண என்எஃப்எஸ் அமைப்பில், கோப்பு யாருடையது என்பதை எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஒரு கணினியில் 1005 ஆசிரியர், இன்னொன்றில் 1005 மாணவர் என்றால், ஆசிரியர் பூட்டி வைத்த வினாத்தாளை அந்த மாணவர் தடையின்றித் திறக்கலாம். அவர் எதையும் உடைக்கவில்லை. சிஸ்டமே அவரை உரிமையாளராகப் பார்க்கிறது. நாலைந்து கணினிகளைத் தாண்டினால் எல்டாப் போன்ற, எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒரே பயனர் பட்டியலுக்குப் போய்விடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். பாஸ்வேர்டை முடக்கினால் முடிந்தது என்று நினைக்கிறோம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக அவர் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் சாவி சர்வரில் இருந்தால் அவர் தொடர்ந்து நுழையலாம். குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி அவர் வைத்த கிரான் வேலைகளும் ஓடும். அக்கவுண்டையே காலாவதி ஆக்குங்கள், சாவியை எடுங்கள், கிரானைப் பாருங்கள். அவசரப்பட்டு அக்கவுண்டை அழிக்காதீர்கள். அழித்தால், அவருடைய கோப்புகள் வெறும் எண்ணோடு அங்கங்கே கிடக்கும். அடுத்து சேருபவருக்கு அதே எண் போனால், பழையவரின் கோப்புகள் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

இதையெல்லாம் படித்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. விர்ச்சுவல் பாக்ஸில் (கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இரண்டு டெபியன் போடுங்கள்; டெஸ்க்டாப் இல்லாமல் போட்டால் ஆளுக்கு 1 ஜிபி ராம் தாராளம். பிறகு திரும்பி வர வசதியாக அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மூன்று பயனர்களை உருவாக்கி, ஒருவரின் கோப்பை மற்றவராக நுழைந்து திறந்து பாருங்கள். இரண்டாவது கணினியில் வேண்டுமென்றே எண்களை மாற்றிப் போட்டு என்எஃப்எஸ்-ஐ இணையுங்கள். அப்புறம் அந்த விர்ச்சுவல் கணினியிலேயே 777-ஐயும் ஒருமுறை மேலிருந்து ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முயலுங்கள்.