பப்ஸ்: உப்பியதா, ஏடு ஏடாய்ப் பிரிந்ததா?

பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி "ஒரு பப்ஸ் குடுங்க" என்கிறோம். இரண்டு வாங்கினாலும் "ரெண்டு பப்ஸ்"தான். ஆங்கிலத்தில் ஒன்று மட்டும் இருந்தால் 'பஃப்'. 'ஸ்' சேர்ந்தால்தான் பன்மை. சிப்ஸைப் போலவே இதுவும் பன்மை வாலோடு தமிழுக்குள் நுழைந்து ஒருமையாகக் குடியேறிவிட்டது. வருகிற வழியில் 'ஃப்' தேய்ந்து 'ப்' ஆனது.

பஃப் என்பது ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். கன்னத்தை உப்ப வைத்துக் காற்றை வெளியே தள்ளும்போது எழும் ஓசை அது. நாம் 'புஸ்ஸுன்னு உப்பியிருக்கு' என்கிறோமே, அதே வழிதான். அடுப்பில் போனதும் மாவு உப்பி எழுவதைப் பார்த்து ஆங்கிலேயர் அந்த மாவுக்கு 'பஃப் பேஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 'பஃப் பேஸ்ட்ரி' ஆயிற்று. கண்ணுக்குத் தெரிந்த விளைவு பெயராகிவிட்டது. அந்த விளைவு எப்படி வந்தது என்பதைப் பெயர் சொல்லவில்லை.

பக்கத்து மொழிகள் அதைச் சொல்கின்றன. பிரெஞ்சில் இந்த மாவு 'ஃபெயித்தாஜ்'. ஃபெய் என்றால் இலை. ஸ்பானிய 'ஓஹால்ட்ரே'யில் இருக்கும் ஓஹாவும் இலைதான். இரண்டுக்கும் தாய் லத்தீன் 'ஃபோலியும்'. இத்தாலியர் 'ஸ்ஃபோல்யா' என்கிறார்கள். அதிலும் அதே இலை. ஜெர்மானியர் 'பிளெட்டர்டைக்', டச்சுக்காரர் 'பிளாடர்டெய்க்'; இரண்டுக்கும் நேர்ப்பொருள் இலைமாவு. சுவீடனிலோ 'ஸ்மோர்டேக்', அதாவது வெண்ணெய்மாவு. இலை என்றவர்கள் அமைப்பைப் பார்த்தார்கள். வெண்ணெய் என்றவர்கள் செலவைப் பார்த்தார்கள் போலிருக்கிறது!

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? 'உப்பல்' என்று தொடங்கும் சொல் எதுவும் சரிப்படாது. பூரியும் உப்புகிறது, அப்பளமும் உப்புகிறது. பூரி உப்பினால் உள்ளே ஒரே ஒரு வெற்றிடம். பப்ஸில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பல மெல்லிய தகடுகள். 'அடுக்கு மாவு' பரவாயில்லை. ஆனால் இட்லித்தட்டும் அடுக்குத்தான், கோபுரமும் அடுக்குத்தான். மெல்லிய தன்மை அந்தச் சொல்லில் இல்லை. அந்தத் தன்மையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல் ஒன்று நம்மிடம் உண்டு: ஏடு. பனையோலையும் ஏடு, பூவின் இதழும் ஏடு, காய்ச்சிய பாலின்மேல் படியும் மெல்லிய ஆடையும் ஏடு. "பால் ஏடு கட்டியிருக்கு", "தயிரேடு" என்றெல்லாம் வீட்டில் இன்றும் புழங்கும் சொல்தான். ஐரோப்பிய மொழிகள் சொல்லும் இலையும் இதில் இருக்கிறது, வெண்ணெயின் நெருங்கிய சொந்தமும் இருக்கிறது. எனவே மாவுக்கு 'ஏட்டுமாவு' என்ற பெயரைப் பரிந்துரைக்கிறோம். தின்பண்டத்துக்குப் பப்ஸ் என்ற பெயரே இருக்கட்டும். கடையில் போய் வேறு பெயர் சொன்னால் யாருக்கும் புரியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வட இந்திய பேக்கரிகளில் 'பேட்டீஸ்' என்று கேட்டால் நம் பப்ஸையே எடுத்துக் கொடுப்பார்கள். இலங்கையில் 'பேட்டிஸ்' என்றால் மீனும் உருளைக்கிழங்கும் வைத்துப் பிறை வடிவில் மடித்து எண்ணெயில் பொரித்தது. அதில் ஏடு கிடையாது. பெயர் ஒன்று, பண்டம் வேறு.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் தட்டில் சுற்றி வருவது இதன் சிறிய வடிவம். இங்கிலாந்தில் அது சாசேஜ் ரோல், சீஸ் ஸ்ட்ரா. பிரான்ஸில் சீஸ் தூவி நீளவாக்கில் வெட்டிச் சுட்டதை 'அலுமெத்' என்பார்கள், அதாவது தீக்குச்சி. இந்த வகை முழுவதற்கும் ஓட்டலில் வழங்கும் பெயர்கள் விசித்திரமானவை. 'ஓர்தோவ்ர்' என்றால் 'வேலைக்கு வெளியே உள்ளது'. முதன்மை உணவு வரிசையில் சேராதது என்று கொள்ளலாம். 'கனாபே' என்றால் பிரெஞ்சில் சோபா. ரொட்டித்துண்டின்மேல் மீனோ சீஸோ சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். அதையும் பின்னோக்கித் துரத்தினால் கிரேக்கத்தில் கொசுவலை கட்டிய கட்டிலில் போய் நிற்கும். 'கோனோப்ஸ்' என்றால் அங்கே கொசு. இலங்கையில் 'ஷார்ட் ஈட்ஸ்' என்றே எல்லாரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 'சிற்றுண்டி' என்று மொழிபெயர்த்தால் இட்லி, தோசை நினைவுக்கு வந்துவிடும். 'பசியூட்டி' அகராதிக்குச் சரி, நாக்குக்கு வராது. 'ஒருவாய்' என்பது போதும்: ஒருவாய்ச் சோறு, ஒருவாய்க் காப்பி, ஒருவாய்ப் பப்ஸ்.

பெயரைப் பிடித்தால் வேலையும் பிடிபடும். ஏட்டுமாவில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: மாவேடும் வெண்ணெயேடும் ஒன்றோடொன்று கலக்காமல் கடைசிவரை காப்பது. அடுப்பில் வெண்ணெய் உருகி மாவேடுகளைப் பிரித்து வைக்கிறது. மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி ஏடுகளைத் தூக்குகிறது. வெண்ணெயில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீர். 200 கிராம் வெண்ணெயில் 32 மில்லி வரும். அது ஆவியானால் 50 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சோடாவோ ஈஸ்டோ இல்லாமல் பப்ஸ் எழும்புவது இதனால்தான். நெய் போட்டால் எழும்பாததும் இதனால்தான். நெய்யில் தண்ணீர் இல்லை, தவிர அது தகடாக நிற்கவும் நிற்காது.

ஒருவாய் அளவில் 40 பப்ஸுக்குக் கணக்கு இது. மைதா 250 கிராம், உப்பு 5 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 25 கிராம், ஐஸ் போட்டுக் குளிர்வித்த தண்ணீர் 125 மில்லி. சேர்த்துப் பிசைந்து, மாவு ஒன்றுகூடியதும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்திக்குப் போல் அடித்துப் பிசைந்தால் ரப்பராகிப் பின்னால் விரிய மறுக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராமை இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து, பூரிக்கட்டையால் தட்டி 15 செ.மீ. சதுரமாக்குங்கள், ஒரு செ.மீ. கனம் வரும்.

வெண்ணெயின் பதம்தான் இங்கே எல்லாமும். அந்தத் தகட்டைக் கட்டையின்மேல் போர்த்தினால் விரிசல் விடாமல் வளைய வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. மாவை அழுத்தினால் எவ்வளவு பள்ளம் விழுமோ, வெண்ணெயிலும் அவ்வளவே விழ வேண்டும். வெண்ணெய் கல்லாக இருந்தால் தேய்க்கும்போது உள்ளே சில்லுச் சில்லாய் உடையும். சில்லு உள்ள இடம் எழும்பும், மற்ற இடம் ஒட்டிக்கொள்ளும். இளகியிருந்தால் மாவுக்குள் ஊறிவிடும். அப்போது கிடைப்பது பிஸ்கட், பப்ஸ் இல்லை. 20 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் சோர்ந்துவிடும். சமவெளியில் மார்கழிக் காலையிலும் நம் சமையலறை அதைத் தாண்டித்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பெரிய எவர்சில்வர் தட்டைக் கருங்கல் மேடையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினால் சமாளிக்கலாம்.

மாவை 22 செ.மீ. சதுரமாகத் தேய்த்து, வெண்ணெயைக் குறுக்காக வைத்து, நான்கு முனைகளையும் அஞ்சல் உறைபோல் நடுவுக்குக் கொண்டுவந்து மூடுங்கள். ஓட்டை இருக்கக்கூடாது. பிறகு ஒரே திசையில் 45 செ.மீ. நீளத்துக்குத் தேய்த்து, புடவை மடிப்பதுபோல் மூன்றாய் மடியுங்கள். கால் வட்டம் திருப்பி மறுபடியும் தேய்த்து மூன்றாய் மடியுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். பிறகு இன்னும் இரண்டு மடிப்பு, இன்னும் அரை மணி.

ஒவ்வொரு மடிப்பும் ஏடுகளை மும்மடங்காக்கும். நான்கு மடிப்பில் 81 வெண்ணெயேடு. பிரெஞ்சு மரபுப்படி ஆறு மடித்தால் 729. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3 மி.மீ. மாவுக்குள் 729 வெண்ணெயேடும் 730 மாவேடும் இருந்தால் ஓர் ஏட்டின் கனம் 0.002 மி.மீ. கோதுமையின் பெரிய மாவுச்சத்துத் துகளே 0.02 மி.மீ.க்கு மேல் இருக்கும். எனவே அந்த எண்ணிக்கை கணக்கில் மட்டுமே உண்மை. ஒருவாய்ப் பப்ஸுக்கு நான்கு மடிப்பு தாராளம். ஐந்தைத் தாண்ட வேண்டியதில்லை. நம் வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் வெண்ணெய் இளகுவதற்கு இன்னொரு வாய்ப்பு.

உள்ளே வைக்கும் மசாலாவுக்கு 300 கிராம் வெங்காயத்தை நிறம் மாறும்வரை வதக்கினால் பாதியாகச் சுண்டும். அதில் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 200 கிராம், மிளகாய்த்தூள், கரம் மசாலா, சோம்பு. தனியாகச் சாப்பிட்டால் சற்று உப்புக் கரிப்பாகத் தோன்ற வேண்டும். மாவு அதை இழுத்துக்கொள்ளும். தக்காளி வேண்டாம், ஈரம் விடும். முழுக்க ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும். சூடான மசாலா அடுப்புக்குப் போகும் முன்பே அடி ஏட்டின் வெண்ணெயை உருக்கிவிடும். மேலே மொறுமொறுவென்றும் கீழே சொதசொதவென்றும் வருகிற பப்ஸுக்குப் பெரும்பாலும் மசாலாவின் சூடோ ஈரமோதான் காரணம்.

மாவை 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, ஓரத்தை நறுக்கி நீக்கிவிட்டு, 6 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மேலிருந்து நேராக அழுத்த வேண்டும், அறுக்கக் கூடாது. மழுங்கிய கத்தி ஓரத்து ஏடுகளை நசுக்கி ஒட்டிவிடும். பிறகு ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு தேக்கரண்டி மசாலா வைத்து, உள்விளிம்பில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடியுங்கள். முட்டைப்பூச்சை மேலே மட்டும் தடவுங்கள்; வெட்டிய பக்கத்தில் வழிந்தால் அதுவும் பசைதான். வெட்டிய துண்டுமாவை உருட்டிப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்தால் ஏடு பிழைக்கும்; சீஸ் தூவி முறுக்கித் தீக்குச்சியாக்க அது ஏற்றது.

தட்டில் அடுக்கியதை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நன்றாகச் சூடேறிய அவனில் (oven) 220 டிகிரியில் 10 நிமிடம், பிறகு 190-இல் 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். தட்டில் வெண்ணெய் குளமாகத் தேங்கினால் அவனில் போதிய சூடு ஏறவில்லை என்று பொருள். ஏடு வெந்து இறுகும் முன்பே வெண்ணெய் வெளியேறிவிட்டது. நிறம் வந்துவிட்டதே என்று சீக்கிரம் எடுத்தால் நடு ஏடுகள் பச்சைமாவாக இருக்கும், ஆறியதும் அமுங்கும். ஒன்றை எடுத்து அடியைப் பாருங்கள். அடியும் பழுப்பாக இருந்தால்தான் ஆயிற்று.

பேக்கரிகள் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் வைப்பதற்கு விலை ஒரு காரணம், வெயில் மறு காரணம். நாற்பது டிகிரிக்கு மேல் உருகும் மார்ஜரின் நம் ஊரில் தகடாகவே நிற்கும், ஏடும் அழகாகப் பிரியும். ஆனால் உடம்புச் சூடு 37 டிகிரிதான். அதனால் அது வாயில் முழுதாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல் படியும். வெண்ணெய்ப் பப்ஸ் எது, மார்ஜரின் பப்ஸ் எது என்று கண்டுபிடிக்க அந்தப் படிவே போதும்.

விருந்துக்கு முன்கூட்டியே செய்வதானால் சுடாமல் உறையவைப்பதே நல்லது. மடித்தவற்றைத் தட்டில் தனித்தனியாக உறையவைத்துப் பிறகு பையில் போட்டால் ஒரு மாதம் இருக்கும். உருகவிடாமல் அப்படியே அவனில் வைத்து மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். சுட்டு மீந்தவற்றை 160 டிகிரியில் 6 நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவில் வைத்தால் ஏடெல்லாம் தோலாகிவிடும்.