போன்தான் பேசுகிறதே, பிரெயில் எதற்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கணினி கற்பிப்பது என் வேலை. கூட்டிவரும் பெற்றோர் முதல் நாளே கேட்கிற கேள்விதான் மேலே இருப்பது. கேள்வியில் பிழை இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். அன்ட்ரொயிட் போனில் அதே வேலையைச் செய்யும் டோக்பேக் இருக்கிறது. அப்படியிருக்க, விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலுக்காக ஏழெட்டு இலட்சத்துக்கு 'பிரெயில் டிஸ்பிளே' என்ற ஒரு பெட்டி வாங்கு என்றால் யாருக்கும் தலை சுற்றும்.

நான் பதில் சொல்வதில்லை. பிள்ளையிடம் மூன்று சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வேன்: கிளி, கிழி, கிலி. காதால் மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளை அநேகமாக இரண்டுக்காவது ஒரே எழுத்தைப் போடும். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற ஒரு தம்பி 'வாளைப்பழம்' என்றுதான் பல வருஷமாக எழுதி வந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் பேசுகிற தமிழில் ழவும் ளவும் எப்போதோ ஒன்றாகிவிட்டன. நவையும் னவையும்கூடக் காதால் பிரித்தறிவது கடினம்.

பிரெயிலில் இந்தக் குழப்பம் இல்லை. ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி: இடப்பக்கம் 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. இடப்பக்க மூன்றும் எழும்பினால் ல. வலப்பக்க மூன்றும் எழும்பினால் ள. ழவுக்கு 1, 2, 3, 5, 6. எழுத்துக்கூட்டுவது விரல் நுனியில் பதிகிற விஷயம்.

சரி, அதற்குக் காகிதம் போதாதா? போதும், கிடைத்தால். பிரெயில் தாள் தடிப்பானது. அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டு மூன்று பக்கமாகும். ஒரு பாடப்புத்தகம் பல தொகுதியாகப் பிரிந்து அலுமாரியை நிறைக்கும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். சாதாரணத் தாளுக்கே அந்தக் கதி என்றால் தடித்த தாளை யார் தருவார்?

ஆகவேதான் பிரெயில் டிஸ்பிளே. கணினியிலோ போனிலோ இருக்கும் வரியைக் குட்டி ஊசிகள் எழும்பிக் காட்டும். விலை ஏறுவது இந்த ஊசியில்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மின்சாரம் பட்டால் வளைகிற ஒரு செரமிக் பட்டி இருக்கிறது. கணினிப் பிரெயிலில் ஓர் எழுத்துக் கட்டத்துக்கு ஆறல்ல, எட்டுப் புள்ளி. நாற்பது கட்டக் கருவி என்றால் 320 பட்டி, 320 ஊசி. இந்தக் கட்டங்களை ஜப்பானின் கேஜிஎஸ், ஜெர்மனியின் மெட்டெக் போன்ற சில நிறுவனங்களே செய்கின்றன. வாங்குகிறவர்களும் உலகம் முழுக்கக் கொஞ்சப் பேர். போன் மாதிரி கோடிக்கணக்கில் செய்து விலையைக் குறைக்க வழியில்லை. 2,500 டொலர் கருவி ஒன்றுக்கு 2022 தொடக்கத்தில் ஐந்து இலட்சம் ரூபா போதுமாக இருந்தது. டொலர் 360ஐத் தொட்டபோது அதே கருவி ஒன்பது இலட்சம். அந்த இடைவெளியில் யாருடைய சம்பளமும் அப்படி ஏறவில்லை.

மலிவாகச் செய்யும் முயற்சி இல்லாமல் இல்லை. ஓர்பிட் ரீடர் 20 என்ற கருவி செரமிக் பட்டியை விட்டு வேறு வழியில் ஊசியை எழுப்புகிறது. வரி மாற மெதுவாகும், சத்தமும் போடும். ஆனால் சுமார் 500 டொலருக்கு வந்தது. வேகமாக வாசிக்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். தொடங்குகிற பிள்ளைக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு தங்கச்சிக்குக் கனடாவில் இருக்கும் மாமா பழைய கருவி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார். நல்ல பெயருள்ள கருவி. யோசிக்காமல் "ஓம், எடுங்கோ" என்றேன். வந்த பிறகுதான் தெரிந்தது, தனியாக இயக்கினால் அதில் தமிழே இல்லை. கணினியோடு பொருத்தி, என்விடிஏயில் தமிழ்ப் பிரெயில் அட்டவணையைத் தெரிவுசெய்த பிறகுதான் தமிழ் வந்தது. வாங்குவதற்கு முன் இதை ஒரு மின்னஞ்சலில் கேட்டிருக்கலாம். பழுதானால் எங்கே அனுப்புவது, ஒரு கட்டம் மாற்ற எவ்வளவு என்றும் கேட்டிருக்க வேண்டும். விரல் வியர்வையும் இங்கே வீசுகிற கடல் உப்புக் காற்றும் ஊசிக்கு ஆகாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லி இப்போது எல்லாரையும் நச்சரிக்கிறேன்.

அந்தத் தங்கச்சியின் கருவியில் பதினோராவது கட்டத்தின் நாலாம் புள்ளி போன வருஷம் படுத்துவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்பித் திருத்தக் கேட்ட தொகை அவளுடைய அம்மாவின் இரண்டு மாதச் சம்பளம். அனுப்பவில்லை. அந்தக் கட்டத்தில் ள வந்தால் 5, 6 மட்டும் எழும்பும், அதாவது ன. போன கிழமை அவள் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 'கினி' என்று வாசித்தவள் நிறுத்தி, வரியை ஓர் எழுத்து நகர்த்தி, திரும்பத் தடவிவிட்டு "கிளி, சேர்" என்றாள்.