கச்சான் காற்றுக்குள் இன்னொரு வெக்கை

வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், மட்டக்களப்பில் எங்கள் கிளினிக் வராந்தாவில் எல்லோரும் விசிறிக்கொண்டுதான் இருப்பார்கள். கிளினிக் கொப்பி, சேலைத் தலைப்பு, கையில் கிடைத்த எதுவும் விசிறிதான். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் வெக்கை வேறு மாதிரி என்பதைக் கண்டுபிடிக்க எனக்கும் சில வருடங்கள் பிடித்தன. இப்போது முகத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் இருந்து ஒரு சிவப்பு ஏறும், மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வந்த ஓர் அம்மா, வயது 49. நெஞ்சு படபடக்கிறது என்று வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, தைரொயிட் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. கையில் ஒரு நூலும் கட்டியிருந்தார். இரவில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். “ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குள்ள இருந்து நெருப்பு மாதிரி ஏறும் டொக்டர். பாயைச் சுருட்டி வச்சிட்டு வெறும் சீமெந்துல படுப்பன். கொஞ்சத்துல குளிரும். திரும்பப் பாயை விரிப்பன். விடியும் மட்டும் இதுதான் வேலை” என்றார். கடைசியாக மாதச் சுகயீனம் எப்போது வந்தது என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்து, “அது போய் அஞ்சாறு மாசம் இருக்கும்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பெரிய பிள்ளையானால் ஊருக்கே தெரியும். உளுத்தங்களி, முட்டை, நல்லெண்ணெய், சொந்தக்காரர் வீட்டில் இருந்து மாறி மாறிச் சாப்பாடு. முப்பது, நாற்பது வருடம் கழித்து அதே உடம்பில் அதே அளவு பெரிய மாற்றம் ஒன்று வருகிறது. அப்போது உளுந்து வறுத்துக் கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பெண்ணே அடுப்படியில் நின்று மற்றவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால், அது நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலானோருக்கு இது 45 க்கும் 55 க்கும் இடையில் நடக்கும். 40 வயதுக்கு முன்னரே நின்றால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது, வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சூலகங்கள் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரப்பதைக் குறைக்கும்போது, மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி மிகவும் கூருணர்வாகிவிடுகிறது. முன்பு பொருட்படுத்தாமல் விட்ட சிறிய சூட்டையும் பெரிய சூடாக எடுத்துக்கொண்டு, தோலுக்கு இரத்தத்தைத் திறந்துவிட்டு வியர்க்க வைக்கிறது. அதுதான் அந்த நெருப்பு. நூல் கட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத பயத்துக்கு மனிதர் எங்காவது போகத்தான் செய்வார்கள். காரணம் தெரிந்த அன்றே அந்த அம்மாவின் பாதி வருத்தம் போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் சாப்பாடும் நடையும் மாத்திரையும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “இந்தச் சூட்டை நிப்பாட்ட என்ன சாப்பிடலாம்?” நேராகச் சொல்கிறேன், சூட்டை ஒரே வாரத்தில் நிறுத்தும் சாப்பாடு எதுவும் இல்லை. சோயாவில் ஈஸ்ட்ரஜனை ஒத்த பொருட்கள் இருப்பது உண்மை. சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது, பலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆய்வு முடிவுகளும் அப்படித்தான் இரண்டு பக்கமும் நிற்கின்றன. சோயா மீற் கறி நல்ல புரதம், சாப்பிடுங்கள். அதை மருந்தாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம். எடை கூடியவர்கள் குறைத்தால் சூடு குறைவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேத்தண்ணியும் உறைப்பான இரவுச் சாப்பாடும் சிலருக்குத் தூண்டிவிடும். உங்களுக்கு எது தூண்டுகிறது என்று இரண்டு கிழமை கவனித்துப் பாருங்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரிவந்தது உங்களுக்கும் வரும் என்று இல்லை.

அப்படியானால் சாப்பாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன்? எலும்புக்காக. மாதவிடாய் நின்ற முதல் 5 முதல் 7 வருடத்தில் ஒரு பெண்ணின் எலும்பு அடர்த்தி 20 சதவீதம் வரை குறையக்கூடும். சூடு வெளியே தெரியும், கத்தவைக்கும். எலும்பு சத்தம் போடாமல் கரையும். அறுபத்தைந்து வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடையும்போதுதான் அது தெரியவரும். அப்புறம் அந்த அம்மா கட்டிலோடுதான், அவரைப் பார்க்க ஒரு மகளும் வேலையை விட வேண்டும். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது அந்த விழுகையை மனதில் வைத்துத்தான்.

ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. பெரிய கணக்கு மாதிரித் தெரியும், ஆனால் எங்கள் சந்தையிலேயே அதற்கு வழி இருக்கிறது. 100 கிராம் குரக்கன் மாவில் 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது. பிட்டு, ரொட்டி, கஞ்சி எதுவாகவும் செய்யலாம். தோல் நீக்காத எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 90 மில்லிகிராம் அளவு வரும். வறுத்த எள்ளைச் சம்பலில் சேர்த்து இடித்துப் பாருங்கள், மணமும் சேரும். நெத்தலியை முள்ளோடு சாப்பிட வேண்டும், டின்மீனிலும் மிருதுவான அந்த முள்ளைத் தூக்கி எறிய வேண்டாம். முருங்கை இலை வேலியிலேயே நிற்கிறது. பசளியிலும் கல்சியம் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஒட்சலேட் என்ற பொருள் அதை உடம்பில் அதிகம் சேரவிடாது, அதனால் கல்சியத்துக்கென்று பசளியை நம்ப வேண்டாம். பிறகு எங்கள் எருமைத் தயிர். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் சட்டி சட்டியாக வாங்கிப் போகிறார்கள், இங்கே ஐம்பது வயதுப் பெண்கள் “தயிர் சளி” என்று ஒதுக்கி வைக்கிறார்கள். சளியைப் பற்றிய பயத்தை விடுங்கள். தயிரில் கொழுப்பு கொஞ்சம் கூட என்பதால் ஒரு சிறு கோப்பை போதும், மேலே பாணி ஊற்றாமல்.

கருவாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு கூடினால் பிறசரும் கூடும், சிறுநீரோடு கல்சியமும் கூடப் போகும். ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள், தினமும் வேண்டாம். வெற்றிலை போடும் ஓர் அம்மா, “சுண்ணாம்பு சேருதுதானே மனே, அதுவும் கல்சியம்தானே?” என்று கேட்டார். வெள்ளை மனதோடுதான் கேட்டார். பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது ஐயமே இல்லாமல் தெரிந்த விடயம். அந்த வழியால் வரும் கல்சியம் எங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று புரதம். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும், 60 கிலோ அம்மாவுக்கு 60 கிராம். கோப்பையில் சோறு நிறைய இருக்கும், ஆனால் மீன் துண்டுகள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய் முடிந்திருக்கும். கடைசியாகச் சட்டியோடு இருந்து, மிஞ்சின குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதுதான் எங்கள் பெண்களின் வழக்கம். இதை அன்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கக் கவலையாக இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, ஒரு கப் அவித்த பயறில் 14 கிராம். உங்கள் மீன் துண்டைச் சமைத்தவுடனேயே எடுத்து வேறாக வையுங்கள். வீட்டில் வளர்ந்த மகனோ மகளோ இதை வாசித்தால், இன்றைக்கு அம்மாவின் கோப்பையைப் பாருங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். கல்லடியில் இருந்து வந்த ஒருவர் ஒரு பையை மேசையில் கவிழ்த்தார். லண்டனில் இருக்கும் மகள் அனுப்பிய போத்தல்கள், ஏழு இருந்தன. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய், பிளாக் கோஹோஷ், இரண்டு வகை மல்டி விற்றமின், கல்சியம், விற்றமின் டி, அதோடு “ஹோர்மோன் சமநிலை” என்று போட்ட ஒரு கலவை. இரண்டு மல்டி விற்றமினிலும் அதே சத்துகள், கல்சியப் போத்தலிலும் மறுபடி விற்றமின் டி. பிரிம்ரோஸ் எண்ணெய் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்ததாகக் காட்ட முடியவில்லை. பிளாக் கோஹோஷ் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு, ஈரல் வருத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஏழில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தச் சொன்னேன். மகளின் அக்கறையை நான் குறைத்து மதிக்கவில்லை, அதையும் அவரிடம் சொன்னேன். அடுத்த முறை அனுப்ப முன்னர் அம்மாவின் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

கல்சியம் சாப்பாட்டில் போதுமானால் மாத்திரை தேவையில்லை. எடுப்பதானால் ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் உடம்பு சரியாக உறிஞ்சாது. கல்சியம் கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். தைரொயிட் மாத்திரை குடிப்பவர்கள் இரண்டுக்கும் இடையில் நாலு மணித்தியாலம் விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம். விற்றமின் டி கதை வேறு. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் அது எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். வீட்டுக்குள்ளேயே வேலை, வெளியே போனால் முழுக்க மூடிய உடுப்பு, குடை. வெயில் தோலில் படவேண்டுமே. காத்தான்குடி, ஏறாவூர்ப் பெண்களிடம் நான் சொல்வது, வீட்டுப் பின்வளவிலோ மேல்மாடியிலோ கையையும் காலையும் கொஞ்ச நேரம் வெயிலுக்குக் காட்டுங்கள் என்பதுதான். அது சரிவராவிட்டால் நாளுக்கு 600 முதல் 800 அலகு (IU) மாத்திரை போதும். பெரிய அளவு ஊசியை இரத்தப் பரிசோதனை இல்லாமல் போட வேண்டாம்.

உடற்பயிற்சி என்றதும் “நாள் முழுக்க வேலைதானே டொக்டர், வேற என்ன பயிற்சி?” என்பார்கள். கூட்டுவதும் சமைப்பதும் களைப்புத் தரும், ஆனால் எலும்புக்கு வேண்டிய விசையைத் தராது. எலும்பு தன் மேல் பாரம் ஏறினால்தான் தன்னை உறுதியாக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமான நடையும், இரண்டு நாள் தசைக்கு வலுச் சேர்க்கும் பயிற்சியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விடிய வெள்ளெனக் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கும் பெண்களை இப்போது காண்கிறேன், மனதுக்குச் சந்தோசமாக இருக்கிறது. பேச முடியும் ஆனால் பாட முடியாது, அந்த வேகம் போதும்.

வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு கதிரை போதும். கைப்பிடி இல்லாத, ஆடாத கதிரையைச் சுவரோடு வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கையால் ஊன்றாமல் எழும்புங்கள். நிமிர்ந்து நின்று, மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இருங்கள். தொப்பென்று விழக் கூடாது, இறங்கும்போதுதான் தொடை வேலை செய்கிறது. பத்துத் தரம். படுவான்கரை அம்மா முதல் நாள் என் முன்னால் நாலு தரம் செய்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, சேலையை இழுத்துச் செருகிவிட்டுப் பதினைந்து செய்து காட்டினார். அதோடு சுவரைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கி இறக்குங்கள், சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்கள், சிறுநீரை அடக்குவது போல் உள்தசையை ஐந்து எண்ணும் வரை இறுக்கி விடும் பயிற்சியைச் செய்யுங்கள். மற்றது, பயிற்சி சூட்டைக் குறைக்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை, அதற்குத் திடமான ஆதாரம் இல்லை. எலும்பு, தசை, சீனி, பிறசர், மனம், நித்திரை இத்தனைக்கும் அது வேலை செய்யும்.

நித்திரை என்றால் இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஐம்பதில் இருக்கும் மட்டக்களப்புப் பெண் யுத்தத்துக்குள் வளர்ந்தவர். 2004 இல் கடல் வந்தபோது கையில் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவர். இரவு இரண்டு மணிக்கு வியர்வை எழுப்பிவிட்டால் பழைய நினைவுகள் வந்து பக்கத்தில் இருந்துவிடும். எது வியர்வையால் வந்த விழிப்பு, எது நினைவால் வந்தது என்று பிரித்துக் கேட்கிறேன். இரண்டாவதற்கு மனநலப் பிரிவில் உதவி இருக்கிறது, அங்கே போவதில் ஒரு குறையும் இல்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சு முறைச் சிகிச்சை, சூட்டினால் வரும் தொல்லையையும் குறைக்கிறது.

இத்தனையும் செய்தும் நாள் ஓடவில்லை என்றால், குறைந்துபோன ஈஸ்ட்ரஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹோர்மோன் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். சூட்டுக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. 2002 இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு மார்புப் புற்றுநோய் பற்றிச் சொன்னதில் இருந்து எல்லோரும் பயந்துபோனார்கள். பின்னர் அதே தரவுகளை வயது வாரியாகப் பார்த்தபோது, 60 வயதுக்கு முன்னர், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்குகிற பெரும்பாலானோருக்கு நன்மையே கூட என்று தெரிந்தது. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தக் கட்டி வந்தவர்களுக்கும் அது பொருந்தாது, அவர்களுக்கு ஹோர்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. பெண்ணுறுப்பில் வறட்சி, உறவின்போது நோவு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இவற்றுக்குப் பூசும் மருந்தே இருக்கிறது. வருடக்கணக்காகச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு இருப்பவர்களைக் காண்கிறேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, நாங்கள் தினமும் கேட்கிற விடயம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது மாதவிடாய் அல்ல. “நின்டது திரும்ப வந்திட்டு, இளமை திரும்புது” என்று சிரித்துக்கொண்டே ஐந்து மாதம் விட்டிருந்த ஒருவர், தற்செயலாகப் பிறசர் பார்க்க வந்த இடத்தில் சொன்னார். கர்ப்பப்பைப் புற்றுநோயின் ஆரம்பம். அன்றே பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பினோம், சத்திரசிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். இன்னும் ஐந்து மாதம் விட்டிருந்தால் நான் இதை இப்படி எழுதியிருக்க முடியாது.

சுகவனிதையர் கிளினிக் உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இலவசமாக நடக்கிறது. பிறசர், சீனி, மார்புப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் அங்கேயே பார்க்கலாம். எந்த நாள் என்று உங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தெரியும். பேரப்பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோகும் நாளில் அவரிடம் உங்களைப் பற்றியும் கேளுங்கள்.