ஷீட்டுக் கூரையைப் பிரிக்கும் முன்: ஆஸ்பெஸ்டாஸ் பற்றி விதிகள் சொல்வது என்ன?

வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடியில் ஏற்றிய ஒற்றை ரூமுக்கும் வாசல் சாய்ப்புக்கும் சாம்பல் நிற சிமென்ட் ஷீட்டுதான் கூரை. அதில் பழையது ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார் கலந்தது. இதைத் தடை செய்துவிட்டார்களா, அரசே மாற்றிக் கொடுக்குமா என்று பலரும் கேட்கிறார்கள்.

இரண்டுமே இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தோண்டப் புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பதை இந்தியா 1986-லும், பழைய குத்தகையைப் புதுப்பிப்பதை 1993-லும் நிறுத்தியது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கி ஷீட்டு செய்வதற்குத் தடையில்லை. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் முழுவதுமாகத் தடை செய்த பொருள் இங்கே கடையில் கிடைக்கிறது. ஆகவே வீட்டுக் கூரையில் அது இருப்பது குற்றமாகாது. வீட்டுக்காரர் அதை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயமோ, எடுப்பதற்கென்று தனி மானியமோ கிடையாது.

வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், நாட்டில் எங்குமே சொந்தப் பக்கா வீடு இல்லை என்பது நிபந்தனை. மத்திய அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பக்கா பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் ஷீட்டு வீடும் பக்கா வீடாகக் கணக்கில் வந்துவிடலாம். எனவே அதில் இருப்பவர்கள் சுவர், தரை, கூரையின் உண்மை நிலையைப் படம் எடுத்து மனுவோடு வைப்பது நல்லது.

சரி, ஆபத்து எவ்வளவு? ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட்தான். பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும், அதையும் சிமென்ட் பிடித்து வைத்திருக்கிறது. உடையாமல், உரசாமல் கூரையில் கிடக்கும் வரை அதிகமாக வெளியே வராது. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். போனது திரும்பி வராது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை பல வருடம் கழித்து, சிலருக்கு முப்பது நாற்பது வருடம் கழித்து வரும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான முடிவு.

எனவே நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டைப் பயந்துபோய் அவசரமாக இடிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் பழைய ஷீட்டின் தாழ்வார ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மழை பட்டுப் பட்டு சிமென்ட் அரித்து, வெள்ளைப் பிசிறு மாதிரி நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். வெயிலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் முதலில் கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிரஷர் மெஷின் தண்ணீரும் அடிக்காதீர்கள். ஃபேன் கொக்கி, டிஷ் ஆன்டெனாவுக்காக ஷீட்டில் டிரில் போடுவதும் கூடாது.

பிரிக்கும் நாளில்தான் முழுக் கவனமும் வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்ன? சுத்தியலால் தட்டி உடைத்துத் துண்டு துண்டாகக் கீழே தள்ளுவார்கள், சித்தாள் அம்மா அதைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளுவார். இதைவிட மோசமான முறை இல்லை. முதலில் குழந்தைகளையும் வயதானவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பக்கத்து வீட்டில் சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள். ஷீட்டின் மேல் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரைப் பூவாளியால் தெளித்து நன்றாக நனையுங்கள், வேலை நடக்க நடக்க நனைத்துக்கொண்டே இருங்கள். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் நட்டைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்து வராவிட்டால் போல்ட்டைக் கைக்கருவியால் வெட்டலாம், ஷீட்டை வெட்டக் கூடாது. கட்டிங் மெஷின் கூரைப் பக்கமே வரக் கூடாது. ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாக, இரண்டு பேர் பிடித்துக் கைமாற்றி இறக்க வேண்டும்.

இன்னொன்று, இழையைவிட உடனே உயிரை வாங்குவது. பழைய ஷீட்டு ஆள் கனத்தைத் தாங்காது, மேலே ஏறி நிற்பவர் அப்படியே உள்ளே விழுந்துவிடுவார். குறுக்குச் சட்டங்களின் மேல் பலகை போட்டு, அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரம் வேண்டும். பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புச் சாதனம் விற்கும் கடைகளில் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். போட்டிருந்த துணியை உதறாமல், வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக நனைத்துத் துவையுங்கள்.

அப்புறம் கழிவு. இடிபாட்டுக் கழிவைப் பிரித்து வைப்பதும், தெருவிலோ வடிகாலிலோ கொட்டாமல் இருப்பதும் அதை உண்டாக்குபவரின் கடமை என்று கட்டிட இடிபாட்டுக் கழிவு விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக 2025-ல் வெளியான புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. குட்டியானை வண்டிக்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி பக்கிங்காம் கால்வாய் ஓரம் கொட்டிவிட்டுப் போனாலும் கழிவு உங்களுடையதுதான். ஷீட்டை உடைக்காமல் தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "ஆஸ்பெஸ்டாஸ்" என்று எழுதிவிட்டு மாநகராட்சியின் 1913 எண்ணைக் கூப்பிடுங்கள். வெறும் "கட்டிடக் கழிவு" என்று சொல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு என்றே பதிவு செய்யச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கொடுங்கையூரில் இருப்பது இடிபாட்டை நொறுக்கி மறுபடி பயன்படுத்தும் ஆலை. செங்கல்லோடு ஷீட்டும் கலந்து அதில் போனால் அங்கே வேலை செய்பவர்கள் மூச்சில்தான் ஏறும்.

அபாயகரமான கழிவுகளுக்கான 2016 விதிகளின் முதல் அட்டவணையில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவு 15-வது இடத்தில் இருக்கிறது. தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதிய பட்டியல் அது. அந்த வகைக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீடுகளிலிருந்து வரும் ஷீட்டையும் மண்டலவாரியாகச் சேர்த்து அங்கே அனுப்ப மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடியிருப்போர் சங்கங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இதை எழுதிக் கேட்கலாம். பழைய ஷீட்டைக் காயலான் கடைக்குப் போட்டால் அது இன்னொரு ஏழையின் கூரையாகத்தான் ஏறும். அதையும் தவிருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரால் வந்த சேதம் தவிர மற்றக் கட்டமைப்புப் பழுதுகளைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. கூரை அதில் வரும். வாயால் சொல்வதோடு விடாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையே தொழிலாகச் செய்கிற கொத்தனார், வெல்டர், சித்தாளுக்கும் உரிமை உண்டு. ஆஸ்பெஸ்டோசிசும், ஆஸ்பெஸ்டாசால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதெலியோமாவும் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலில் உள்ள தொழில்சார் நோய்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை 40 வருடமோ, ஓய்வுக்குப் பின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தொழிற்சாலைகளுக்கு உத்தரவிட்டது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அப்படிப் பதிவு வைக்க ஆள் இல்லை. ஆகவே எந்த ஊரில், எந்த வருடம், யாரிடம் ஷீட்டு வேலை செய்தோம் என்று ஒரு நோட்டில் தாங்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விடாத வறட்டு இருமலோ மாடி ஏறினால் மூச்சிரைப்போ வந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போய், செய்த வேலையை முதலில் சொல்லுங்கள். டாக்டர் அதைச் சீட்டில் எழுதுகிறாரா என்றும் பாருங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.